எட்டாவது கட்டம்

மாயவரம்
6-9-2024

அன்புள்ள அண்ணாவுக்கு, பட்டு அநேக நமஸ்காரம். இங்கே நான் சௌக்கியம். அங்கே நீ, மன்னி, வெங்கி எல்லாரும் சௌக்கியமா? உன் முழங்கால் எப்படி இருக்கு? குளிர் வரதுக்குள்ளே தைலம் வாங்கி வெச்சுக்கோ. போன வருஷம் மாதிரி ஜனவரியிலே எழுதி அனுப்பச் சொல்லாதே.

காது போனப்புறம் போன் எனக்கு வெறும் பொம்மை. வாட்ஸப்பிலே எழுதும்மாங்கறா மேதா. நீயோ இன்னும் பொத்தான் போனை வெச்சுண்டு குப்பை கொட்டறே. அதனாலே நமக்குத் தபால்காரர்தான் கதி.

விஷயத்துக்கு வரேன். போன மாசம் மேதா ஆபீஸ் வேலையா தில்லி வந்தப்போ உங்காத்துக்கு வந்தாளே, அப்போ நீங்கள்ளாம் வீடு காலி பண்ண சாமான் கட்டிண்டிருந்தேளாம். பரண்லே போர்வை சுத்தி ஒரு சைக்கிள் இருந்துதாம். "மாமா, இது அப்பாவோடதா?"ன்னு கேட்டாளாம். "ஆமாம், கீழே இறங்கு முதல்லே"ன்னு நீ அதட்டினியாம். அவ சும்மா இருப்பாளா, அதுக்குள்ளே ஒரு போட்டோ எடுத்துட்டா.

அண்ணா, அது இன்னும் இருக்குன்னு எனக்கு ஏன் சொல்லவே இல்லை? லாரி அடிச்சு அப்பளமா நொறுங்கிப் போச்சு, நீ பார்க்க வேண்டாம்னு அவர் போன அன்னிக்குச் சொன்னே. முப்பத்தெட்டு வருஷமா அந்த அப்பளத்தைத்தான் நான் மனசிலே வெச்சுண்டிருக்கேன். போட்டோவிலே போர்வைக்கு வெளியே வளைஞ்ச ஹேண்டில்பாரும் பின் சக்கரமும்தான் தெரியறது. சக்கரம் மட்டும் கலங்கலா இருக்கு, சுத்திண்டிருந்த மாதிரி. நான் அதைத் தொடவே இல்லைம்மான்னு சத்தியம் பண்றா மேதா.

பெங்களூர்லே அவ ஆபீஸிலே ராஜசேகரன்னு ஒருத்தர் இருக்காராம். லீவு நாள் பூரா பழைய ரேஸ் சைக்கிள்களைத் தேடிண்டு அலையற பைத்தியம். ஹேண்டில்பாரைப் பார்த்துட்டே இது சாதாரண வண்டி இல்லைன்னாராம். என்ன வண்டி, என்ன பெறும்னு அவர் பார்த்துச் சொல்லுவார். நீ கொஞ்சம் இறக்கி வை.

மன்னிக்கு நமஸ்காரம்.
பட்டு

*

கரோல் பாக், புது தில்லி
24-9-2024

சி. பட்டுவுக்கு ஆசீர்வாதம். இங்கு அனைவரும் நலம். முழங்கால் வழக்கம்போல்.

உன் 6-ஆம் தேதிக் கடிதம் 11-ஆம் தேதி கிடைத்தது. வீடு காலி செய்யும் வேலையால் பதில் தாமதம். இந்தக் கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். ஜனவரிக்குள் நொய்டாவில் வெங்கியின் வீட்டுக்குப் போகிறோம். சாமான்களில் பாதியைக் காயலான் கடைக் கபாடிவாலா எடுத்துக்கொள்வான். அந்தச் சைக்கிளையும் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். துருப்பிடித்த பழைய இரும்பு. அதற்கு மதிப்பு ஒன்றும் வராது. மேதாவிடம் பக்குவமாகச் சொல்.

பழசைக் கிளறுவது உன் ரத்த அழுத்தத்துக்கு நல்லதில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிடு.

மெட்ரோ வண்டி போகும்போதெல்லாம் பரணில் டிக், டிக் என்று ஒரு சத்தம் வருகிறது. உன் மன்னி பல்லி என்கிறாள். இருக்கலாம்.

இப்படிக்கு,
வைத்தி

*

மாயவரம்
30-9-2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம், மாத்திரையும் சாப்பிடறேன். உன் முழங்காலைப் பார்த்துக்கோ. சாமான் மூட்டையெல்லாம் நீ தூக்காதே.

கபாடிவாலாவா? நன்னா இருக்கே! அது என் ஆம்படையான் சைக்கிள். எம்பஸியிலே இருந்த வெள்ளைக்காரன் ஊர் திரும்பறச்சே, அவன் பின்னாடியே மூணு மாசம் அலைஞ்சு வாங்கினார். அதை எடைக்குப் போடறதுக்கு நீ யாரு? போட்டியோ, இந்த ஜன்மத்திலே உன்னோட பேச மாட்டேன், சொல்லிட்டேன்.

நொறுங்கினதா இருந்தாலும் எனக்கு அதை ஒரு தரம் பார்க்கணும். எங்கே அடி பட்டுதுன்னு கையாலே தடவிப் பார்க்கணும். எனக்கும் அந்தச் சைக்கிளுக்கும் நடுவிலே ஒரு பேச்சு பாக்கி நிக்கறது. என்னன்னு இப்போ கேக்காதே.

ராஜசேகரன் முதல்லே மூணு விஷயம் கேக்கறார். ஒண்ணு, பெடல் சுத்தற உருளைக்கு அடியிலே ஒரு எண் வெட்டியிருக்கும். ரெண்டு, பின் கியர் மேலே "பேடன்ட்"னு போட்டு, பக்கத்திலே ரெண்டு இலக்கம் இருக்கும். கியர் செஞ்ச வருஷம் அதுதானாம். மூணு, சீட்டைத் தாங்கற தண்டோட கனம். அதை வெர்னியர் வெச்சு அளக்கணுமாம்.

உனக்குப் பிடிச்ச வேலைதானே! ரிக்கார்டு செக்ஷன்லே முப்பத்தஞ்சு வருஷம் என்ன பண்ணினே?

பட்டு

*

கரோல் பாக்
22-10-2024

சி. பட்டுவுக்கு ஆசீர்வாதம். அனைவரும் நலம். முழங்கால் வழக்கம்போல்.

வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சைக்கிளை இறக்கினேன். கீழே உள்ள ஹார்டுவேர் கடைப் பையாவிடம் வெர்னியர் இரவல் வாங்கினேன். கேட்ட விவரங்கள்: எண் 4417. கியரில் பேடன்ட் 78. சீட் தண்டு 27.2 மில்லி மீட்டர். சட்டத்தின் நடுக்குழாயில் "531" என்று ஒரு ஒட்டுக்காகிதம் பாதி கிழிந்து இருக்கிறது.

இத்துடன் போதும் என்று நினைக்கிறேன்.

சைக்கிள் இப்போது ஹாலில் சுவரைப் பார்த்து நிற்கிறது. நான் ஷேவ் செய்துகொள்ளும் கண்ணாடியில் அதன் பின் சக்கரம் தெரிகிறது. இன்று காலை மெட்ரோ போனபோது அது தானாக ஒரு அங்குலம் நகர்ந்தது. டிக் என்றது. பல்லி இல்லை.

வைத்தி

*

மாயவரம்
29-10-2024

அண்ணாவுக்கும் மன்னிக்கும் தீபாவளி நமஸ்காரம். நான் சௌக்கியம். முழங்காலோட பாத்ரூம்லே பார்த்து நட. எண்ணெய் தேய்ச்சுண்டா தரை வழுக்கும்.

ராஜசேகரனுக்குத் தலைகால் புரியலையாம்! 27.2-ம் 531-ம் ஒண்ணா வந்தா ரொம்ப ஒசத்திக் குழாயாம். இங்கிலாந்துலே சின்னப் பட்டறையிலே கையாலே பத்தவெச்ச ரேஸ் வண்டியாம். அதுலே எங்காத்துக்காரர் சுராஜ்குண்ட் வரைக்கும் போயிட்டு, எட்டு மணிக்கு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வாசல்லே வந்து மணி அடிப்பார். எனக்குப் பத்திண்டு வரும்.

இதோட ஒரு படிவம் வெச்சிருக்கேன். எட்டுக் கட்டம். மேதா டைப் அடிச்சது. ஏழாவது நூல் சோதனை. பின் சக்கரம் மாட்டற இடத்திலே நூலைக் கட்டி, முன் குழாயைச் சுத்தி மறுபக்கத்துக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டணும். நடுக்குழாய்க்கும் நூலுக்கும் எத்தனை தூரம்னு ரெண்டு பக்கமும் அளக்கணும். அளவு வேறே வேறேயா இருந்தா சட்டம் கோணிப் போயிடுத்துன்னு அர்த்தம். எட்டாவது விபத்துச் சேதம். லாரி பின்னாலேருந்து அடிச்சுதுன்னு நான் ராஜசேகரன்கிட்டே சொல்லிட்டேன். எங்கெங்கே வளைஞ்சிருக்கு, எங்கே பெயின்ட் சுருங்கியிருக்குன்னு தெரிஞ்சாத்தான் விலை சொல்ல முடியுமாம்.

அப்பா சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்கோல்லியோ? எந்தக் கட்டத்தையும் காலியா விடப்படாது, ஒண்ணும் இல்லைன்னா "இல்லை"ன்னாவது எழுதணும். ஸ்கூல் ஃபாரத்துக்கே நம்மளை மூணு தரம் எழுத வெச்ச மனுஷன்.

பட்டு

*

கரோல் பாக்
25-11-2024

சி. பட்டுவுக்கு ஆசீர்வாதம். நலம். படிவம் இணைப்பு.

1. சட்ட எண்: 4417
2. பின் கியர்: பேடன்ட் 78. கீறல் இல்லை.
3. சீட் தண்டு: 27.2 மி.மீ.
4. பெயின்ட்: கரும்பச்சை, பழைய பெயின்ட். மறுபூச்சு இல்லை.
5. முன் ஃபோர்க்: நேராக உள்ளது.
6. சக்கரங்கள்: இரண்டும் கோணல் இல்லாமல் சுற்றுகின்றன. டயர் உளுத்துவிட்டது.
7. நூல் சோதனை: இடம் 39 மி.மீ., வலம் 39 மி.மீ. மூன்று முறை அளந்தது.
8. விபத்துச் சேதம்:

மேற்கண்டவை என்னால் நேரில் சரிபார்க்கப்பட்டவை.
வை. வைத்தீஸ்வரன், பிரிவு அலுவலர் (ஓய்வு)

*

மாயவரம்
2-12-2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். உன் முழங்கால் எப்படின்னு இந்தத் தடவை நீ எழுதவே இல்லையே.

படிவத்தைப் போட்டோ எடுத்து மேதாவுக்கு அனுப்பினேன். ராஜசேகரன் சொன்னதை அவ எழுதி அனுப்பியிருக்கா. அப்படியே பார்த்து எழுதறேன்: "ஒண்ணேகால் லட்சம் தாராளமாகப் பெறும். அடிபட்டதென்றால் உதிரி பாகத்துக்கு மட்டும்தான் விலை. ஆனால் மாமா எழுதியிருப்பது சரியென்றால் இது அடிபட்ட சைக்கிளே இல்லை. லாரி வேண்டாம், ஒரு தடவை வலது பக்கமாகக் கீழே விழுந்திருந்தால்கூடப் பின் கியரில் கீறல் இருக்கும். உங்கள் அம்மா வேறு எந்தச் சைக்கிளையோ சொல்கிறார் போலிருக்கிறது."

அவர்கிட்டே இருந்தது ஒரே சைக்கிள்தான் அண்ணா.

நீ தப்பா அளந்திருப்பேன்னு மேதா நினைக்கறா. எனக்கு உன்னைத் தெரியும். வாயாலே நீ என்ன வேணா சொல்லுவே. காகிதத்திலே தப்பா ஒரு எண் உன் கையிலேருந்து வராது. எட்டாவது கட்டத்திலே "உண்டு"ன்னு எழுதியிருந்தா நான் அழுதுட்டு விட்டிருப்பேன். "இல்லை"ன்னு எழுதியிருந்தாலாவது சண்டை போடலாம். காலியா விட்டுட்டியே! ரெண்டு நாளா அந்தக் காலி இடத்தையே பார்த்துண்டு உட்கார்ந்திருக்கேன்.

அந்தப் பாக்கிப் பேச்சு என்னன்னு இப்போ சொல்றேன். முந்தின நாள் ராத்திரி மேதாவுக்கு ஜுரம் அனலாக் கொதிச்சுது. ஆறு மாசக் குழந்தை. விடிகாலையிலே அவர் மஃப்ளரைச் சுத்திண்டு சைக்கிளை எடுத்தார். எனக்கு எங்கேருந்துதான் வந்துதோ. "சைக்கிளும் நீங்களுமா எங்கேயாவது போய்த் தொலையுங்கோ"ன்னேன். அதுதான் நான் அவர்கிட்டே கடைசியாப் பேசினது. அம்மா சாகற வரைக்கும் அவகிட்டேகூட இதைச் சொன்னதில்லை. விளக்கேத்தறச்சே, சமைக்கறச்சே, மேதா கல்யாணத்திலே தாரை வார்க்கறச்சேகூட அந்த வார்த்தைதான் என் காதிலே கேட்டுண்டிருந்தது. இப்போ காதே போயிடுத்து. அது மட்டும் கேக்கறது.

எந்த லாரி? எந்தச் சைக்கிள்? நீ எனக்குச் சொல்லணும்.

பட்டு

*

மாயவரம்
16-12-2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

பதில் இல்லை. வெங்கிக்கு மேதா போன் பண்ணினா. நீ சௌக்கியம்தான், ஹாலிலே சைக்கிள் முன்னாலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கேன்னு சொன்னானாம்.

வெள்ளிக்கிழமை அவர் திதி. இந்த வருஷம் திருக்கார்த்திகை அன்னிக்கே வந்துது. ஒரு பக்கம் திதி, இன்னொரு பக்கம் தெருப் பூரா விளக்கு. வருஷா வருஷம் அன்னிக்கு உன் கடுதாசு வந்துடும். இந்த வருஷம் வரலை. தபால்காரர் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, பையைக் கவிழ்த்தே காட்டினார்.

எனக்கு அறுபத்தேழு வயசாறது. எதுவானாலும் தாங்கிப்பேன். இந்தக் காலிக் கட்டத்தைத்தான் தாங்க முடியலை.

பட்டு

*

கரோல் பாக்
2-1-2025

பட்டுவுக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமை, 14-12-1986, காலை ஏழு மணிக்கு, உன் வீட்டிலிருந்து கிளம்பிய வாசு நேராக இங்கே வந்தான். சைக்கிளை மாடிக்குத் தூக்கிவந்து சுவரில் சாத்தினான். "வைத்தி, இது இங்கேயே இருக்கட்டும். யாராவது கேட்டால் கொடுத்துவிடு. வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போனால் எனக்கு மனசு மாறிவிடும்" என்றான். நீ சொன்னதை என்னிடம் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "உன் தங்கை சைக்கிளையும் என்னையும் சேர்த்துத் தொலையச் சொல்லிவிட்டாள். ஒன்றைத் தொலைத்தால் போதாதா?" என்றான். ஏதோ புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றுதான் நான் நினைத்தேன். இத்தனை வருஷமாக நீ அதைச் சுமந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாது.

காபி குடித்தான். குழந்தைக்கு ஜுரம், சீக்கிரம் போகவேண்டும், பஸ்ஸில் போகிறேன் என்றான். நான் விடவில்லை. ஐந்து நாள் முன்னால் ஒரு செகண்ட் ஹாண்டு ஸ்கூட்டர் வாங்கியிருந்தேன். லைசென்ஸ் வரவில்லை. உன் மன்னி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். அவள் வந்ததும் எல்லோருக்கும் காட்டலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். "வா, ஜல்தி கொண்டு விடுகிறேன்" என்றேன்.

ரிட்ஜ் ரோட்டில் பனி. என் கை எனக்குத் தெரியவில்லை. அவன் மெதுவாகப் போ என்றான். இரண்டு தடவை சொன்னான். ஓரத்தில் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது. அது ஓடவில்லை பட்டு. நின்றுகொண்டிருந்தது. ஓடியது நான்தான். நான் புதரில் போய் விழுந்தேன். வாசு லாரியில் மோதினான்.

ஒரு டாக்ஸிக்காரன் ஏற்றிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் எப்படி என்று கேட்டார்கள். அப்போது என் வாயில் வந்தது "சைக்கிள்" என்ற வார்த்தை. எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். என் ஆயுளில் நான் கையெழுத்திட்ட ஒரே பொய்க் காகிதம் அது. உன் வீட்டு வாசலுக்கு வரும்போது அதுவே நடந்ததாக ஆகியிருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன், புதரில் ஸ்கூட்டர் இல்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

சைக்கிளை உடைத்துவிடலாம் என்று ஒரு தரம் சுத்தியலோடு பரணில் ஏறினேன். உடைந்திருந்தால் நான் சொன்னது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். கை ஓங்கியபோது சக்கரம் டிக் என்றது. இறங்கிவிட்டேன். விற்கவும் முடியவில்லை. யாராவது வாங்கி ஓட்டினால் அது முழுசாக இருப்பது வெளியே தெரிந்துவிடுமே.

உன் கல்யாணத்துக்குப் பிறகு கடிதம் எழுதும்போதெல்லாம் உன் பேருக்கு முன்னால் சௌபாக்கியவதி என்று "சௌ." போடுவேன். அந்த எழுத்தை எடுத்தது லாரி இல்லை. நான்.

அந்த வார்த்தை உன்னை அரித்துக்கொண்டிருப்பது அப்போதே தெரிந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எழுதப் பார்த்தேன். எழுதவில்லை. அதுவும் பொய்யாக இருக்கலாம்.

அவன் உன்மேல் கோபித்துக்கொண்டு போகவில்லை. உன்னிடம் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

வைத்தி

*

நொய்டா
28-1-2025

பட்டுவுக்கு,

முகவரி மாற்றம் தெரிவிக்க எழுதுகிறேன். பதிலை எதிர்பார்க்கவில்லை.

சைக்கிளையும் கொண்டுவந்துவிட்டேன். வெங்கிக்கும் உன் மன்னிக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு வேளை சாப்பிடவில்லை. இது பதினான்காவது மாடி. பக்கத்தில் மெட்ரோ கிடையாது, ஜன்னலைச் சாத்தினால் காற்றும் கிடையாது. ஆனாலும் சத்தம் நிற்கவில்லை.

வைத்தி

*

மாயவரம்
19-2-2025

அண்ணா,

நமஸ்காரம்னு எழுத ஆரம்பிச்சு அஞ்சு காகிதம் கிழிச்சாச்சு. கை வரலை. விட்டுட்டேன்.

ஒரு மாசம் நான் யாரோடயும் பேசலை. காது கேக்காதவ பேசலைன்னா யாருக்குத் தெரியும்?

பனியிலே ஸ்கூட்டர் மோதறது யாருக்கு வேணா நடக்கும். அன்னிக்கே சொல்லியிருந்தா உன் சட்டையைப் பிடிச்சு உலுக்கியிருப்பேன், ஒரு வருஷம் உன் மூஞ்சியிலே முழிக்காம இருந்திருப்பேன். அப்புறம் அண்ணாதானேன்னு வந்திருப்பேன். ஆனா அவர் என்கிட்டே திரும்பி வந்துண்டிருந்தார்ங்கறதை நீ எடுத்து ஒளிச்சு வெச்சுட்டியே. அது என்னோட சொத்து. அதைப் போர்வையிலே சுத்திப் பரண்லே போட்டுட்டே. நான் இங்கே என் வாயைச் சபிச்சுண்டு கிழவியாப் போனேன். இதை மன்னிக்க எனக்குத் தெரியலை அண்ணா. முயற்சி பண்றேன்னுகூட இப்போ சொல்ல முடியாது.

சைக்கிளை நீயே கொண்டுண்டு வா. பார்சல்லே போடாதே, நீ வர அதே ரயில்லே ஏத்திண்டு வா. மேதாவையும் வரச் சொல்லியிருக்கேன். அவகிட்டே நான் ஒண்ணும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். அந்தப் படிவம் என்கிட்டே பத்திரமா இருக்கு. அவ எதிரே உட்கார்ந்து எட்டாவது கட்டத்தை நீ உன் கையாலே நிரப்பணும். ராஜசேகரன் சொன்ன விலைக்கு விக்கறதா, கூடத்திலே நிறுத்திக்கறதான்னு அப்புறம் அவ தீர்மானிக்கட்டும்.

இன்னும் ஒண்ணு. எல்லாத்தையும் எழுதின நீ இதை மட்டும் எழுதலை. புதர்லே விழுந்தேன்னு எழுதினே, அவ்வளவுதான். அன்னிக்கு எங்காத்துக்குள்ளே நீ நொண்டிண்டு வந்தே. பேன்ட்லே ரத்தம் இருந்துது. மாடிப்படியிலே வழுக்கிட்டேன்னே. அந்த அழுகையிலேயும் எதிராத்து மாமிகிட்டே சொல்லி உனக்கு ஒத்தடம் குடுக்கச் சொன்னது நான். மறந்துடுத்தா? அப்புறம் எழுதின அத்தனை கடுதாசிலேயும் அதைத்தான் விசாரிச்சேன். முப்பத்தெட்டு வருஷமா வழக்கம்போல், வழக்கம்போல்னு எழுதிண்டே வந்தே.

இப்போ திரும்பக் கேக்கறேன். முழங்கால் எப்படி இருக்கு?

பட்டு